பத்தாயிரம் குட்டிப் பார்லிமெண்டுகள்!

லண்டன் பார்லிமெண்டை அறியாதவர் இல்லை. தேம்ஸ் நதிக்கரையில் மணிக்கூண்டுடன் கம்பீரமாக நிற்கும் அந்தக் கட்டடத்தைப் படத்திலாவது பார்த்திருப்போம். ஆனால் அதே இங்கிலாந்தில், பத்திரிகைகளில் பெயர்கூட அடிபடாத இன்னும் 10,000 குட்டிப் பார்லிமெண்டுகள் நடந்து வருகின்றன. அவற்றில் ஏறக்குறைய 1 லட்சம் பேர் உறுப்பினர்கள். யுத்தமா, சமாதானமா என்பதைப் பற்றி இவர்களுக்குக் கவலை இல்லை. பஸ் நிறுத்தத்துக் கூரை ஒழுகுகிறதா, விளையாட்டு மைதானத்து ஊஞ்சல் சங்கிலி அறுந்து விட்டதா, நாயைக் கூட்டி வருகிறவர்கள் நடைபாதையை அசுத்தம் செய்து விட்டுப் போகிறார்களா—இவைதான் விவாதப் பொருள்கள்.

'பாரிஷ் கவுன்சில்' என்பது இந்தச் சபைகளின் பெயர். பாரிஷ் என்றால் முதலில் ஒரு மாதாகோவிலைச் சேர்ந்த பகுதி. நம் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்கிறார்களே, அதுதான். ஆனால் இன்றைய பாரிஷ் கவுன்சிலுக்கும் கோவிலுக்கும் சம்பந்தம் கிடையாது. சம்பந்தம் அறுந்த கதையே சுவையானது.

பாதிரியார் கையிலிருந்து...

முற்காலத்தில் ஊர்க் காரியங்களைக் கோவிலில் கூடும் 'வெஸ்ட்ரி' என்ற சபைதான் பார்த்து வந்தது. பெயருக்குத்தான் அது ஊர்ச் சபை. ஊரில் பெரிய நிலச்சுவான்தாரும் பாதிரியாரும் சொன்னதே அங்கே சட்டம். அவர்களுடைய நிலத்தை உழுது, அவர்களுடைய குடிசையில் குடியிருக்கும் கூலியாள் எழுந்து நின்று எதிர்த்துப் பேசி விட்டு, மறுநாள் வேலைக்குப் போக முடியுமா?

1894-ல் கிளாட்ஸ்டனின் கடைசி மந்திரிசபை கொண்டுவந்த ஸ்தல ஸ்தாபனச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. 300 பேரோ அதற்கு மேலோ வசிக்கும் ஒவ்வொரு கிராமப் பாரிஷுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில் ஏற்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் முதல் தேர்தல் நடந்தது. அதைவிடப் பெரிய விசேஷம், பெண்களும் இந்தத் தேர்தலில் வோட்டுப் போடலாம், நிற்கலாம் என்று சட்டம் சொன்னதுதான். விவாகமான பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு. பார்லிமெண்டுத் தேர்தலில் வோட்டுப் போட இங்கிலாந்துப் பெண்கள் 1918 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்டை ஆளும் சபைக்கு 24 வருஷம் முன்னாலேயே ஊரை ஆளும் சபை அவர்களுக்குக் கதவைத் திறந்து விட்டது.

கள்ளுக்கடையில் கூடாதே!

கவுன்சில் கூட்டம் எப்படி நடக்கும்?

கூட்டத்துக்கு முழுதாக 3 நாள் முன்னதாக, ஊரில் எல்லோர் கண்ணிலும் படும்படியான இடத்தில் அறிவிப்பு ஒட்டியாக வேண்டும். அதற்காகவே பெரும்பாலான ஊர்களில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறிவிப்புப் பலகை உண்டு. நாய்க்குட்டி காணவில்லை, மலர்க் கண்காட்சி நடக்கப் போகிறது என்ற துண்டுச் சீட்டுகளுக்கு நடுவே கவுன்சிலின் நிகழ்ச்சி நிரலும் தொங்கும்.

கூடுமிடம் அநேகமாக ஊர்ப் பொது மண்டபம். மதுபானம் விற்க லைசென்ஸ் உள்ள இடத்தில் கவுன்சில் கூடக் கூடாது. இலவசமாகவோ நியாயமான வாடகைக்கோ வேறு இடம் கிடைக்காவிட்டால் மட்டும் கூடலாம் என்று 1972-ம் வருஷச் சட்டம் சொல்லுகிறது. மதுக்கடையைவிட்டால் வேறு கட்டடமே இல்லாத ஊர்களும் இருக்கக்கூடும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்!

உறுப்பினர்கள் குறைந்தது 5 பேர். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரே ஒருவர். அவர்தான் 'கிளார்க்'. கிளார்க் என்றவுடன் ஃபைலைச் சுமக்கிற குமாஸ்தாவை நினைத்து விடக் கூடாது. கணக்கு, கடிதம், சட்டம், தீர்மானம் எல்லாம் அவர் பொறுப்பு. "அப்படிச் செய்யச் சட்டம் இடம் கொடுக்காது" என்று அவர் சொன்னால் தலைவரும் வாயை மூடிக் கொள்ள வேண்டியதுதான். அநேக ஊர்களில் இதுவும் வாரத்தில் சில மணி நேர உத்தியோகமே.

கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். இந்த உரிமையை 1960-ம் வருஷச் சட்டம் உறுதி செய்தது. அந்த மசோதாவைக் கொண்டு வந்தவர், அதற்கு முந்தின வருஷந்தான் பார்லிமெண்டுக்கு வந்திருந்த ஓர் இளம் பெண்மணி. பார்லிமெண்டில் அவர் பேசிய முதல் பேச்சே அந்த மசோதாவை ஆதரித்துத்தான். பெயர் மார்கரெட் தாட்சர்.

பிரார்த்தனைக்கும் வழக்கு!

சின்னச் சபை என்றாலும் சண்டை சின்னதாக இருப்பதில்லை. டெவன் பகுதியில் பைட்ஃபோர்ட் என்று ஓர் ஊர். அங்கே கவுன்சில் கூட்டத்தைப் பிரார்த்தனையுடன் ஆரம்பிப்பது வழக்கம். இது முறையா என்ற வழக்கு ஹைகோர்ட் வரையில் போயிற்று. கூட்ட அலுவலின் ஒரு பகுதியாகப் பிரார்த்தனை நடத்தக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று 2012-ல் தீர்ப்பாயிற்று. பிறகு 2015-ல் பார்லிமெண்டே தனிச் சட்டம் போட்டு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது.

செஷயரில் உள்ள ஹாண்ட்ஃபோர்த் கவுன்சிலின் கதை உலகப் பிரசித்தம். கொரோனா காலத்தில், 2020 டிசம்பரில், அவரவர் வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் மூலம் கூட்டம் நடத்தினார்கள். கூச்சல், குழப்பம். கூட்டத்தை நடத்திக் கொடுக்க வந்திருந்த ஜாக்கி வீவர் என்ற அம்மாள் கொஞ்சமும் பதற்றப்படாமல், தலைவரையே திரையிலிருந்து வெளியே அனுப்பி விட்டார்! உமக்கு இங்கே அதிகாரம் கிடையாது என்று ஒருவர் கத்தினார். அடுத்த பிப்ரவரியில் அந்தப் படத்தை லட்சக்கணக்கானோர் பார்த்துச் சிரித்தார்கள். பிற்பாடு நடந்த விசாரணையில், அப்படி வெளியேற்ற அந்த அம்மாளுக்கு அதிகாரம் இல்லைதான், ஆனால் அன்றைய நிலைமையில் அவர் செய்ததைப் புரிந்து கொள்ள முடிகிறது என்று முடிவாயிற்று. கத்தியவர் பேச்சிலும் நியாயம் இருந்திருக்கிறது!

பணம் எங்கிருந்து வருகிறது?

வருஷா வருஷம் கவுன்சில் உட்கார்ந்து, அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடும். அந்தத் தொகைக்குப் 'பிரிசெப்ட்' என்று பெயர். மேலே உள்ள பெரிய கவுன்சில், வீட்டு வரியோடு இதையும் சேர்த்து ஊராரிடம் வசூலித்துக் கொடுத்து விட வேண்டும். "இவ்வளவு எதற்கு?" என்று பேரம் பேச முடியாது.

பணம் வந்து விட்டாலும் இஷ்டம்போல் செலவழிக்க முடியாது. ஒவ்வொரு செலவுக்கும் அதற்குரிய சட்டத்தைக் காட்ட வேண்டும். சாலையோரத்தில் பெஞ்சு போடவும், பஸ்ஸுக்குக் காத்திருப்போருக்குக் கூரை போடவும், ஊர்க் கடிகாரம் வைக்கவும், தெரு விளக்குப் போடவும் 1957-ம் வருஷச் சட்டம் இடம் தருகிறது. எந்தச் சட்டத்திலும் அடங்காத நற்காரியத்துக்கு, வோட்டர் ஒருவருக்கு இவ்வளவு என்று ஓர் உச்சவரம்பு உண்டு. 2024-25-ல் அது தலைக்கு 10 பவுண்டு 81 பென்ஸ். தகுதி பெற்ற கிளார்க்கும், மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தேர்தலில் வந்த உறுப்பினர்களும் உள்ள கவுன்சில்கள் மட்டும் இந்தக் கட்டிலிருந்து விடுபடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது தோட்டச் சட்டந்தான். ஊரில் 6 பேர் சேர்ந்து, "காய்கறி போட எங்களுக்கு நிலம் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால், 1908-ம் வருஷச் சட்டப்படி கவுன்சில் அதைக் கவனித்தே ஆக வேண்டும். இதற்கு 'அலாட்மெண்ட்' என்று பெயர். வழக்கமான அளவு 10 சதுர 'ராட்'. நம் கணக்குப்படி ஆறேகால் சென்ட். இரண்டாவது உலக யுத்தத்தில் உணவுப் பஞ்சம் வராமல் காத்தவற்றுள் இந்தத் தோட்டங்களும் அடங்கும். அங்கே கோழி வளர்க்கலாம், முயல் வளர்க்கலாம் என்று 1950-ல் இன்னொரு சட்டம் அனுமதித்தது. ஆனால் சேவல் மட்டும் கூடாது. விடியற்காலையில் அக்கம்பக்கத்தார் தூங்க வேண்டாமா?

1 பவுண்டுக்கு ஒரு நூல்நிலையம்

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையல்லாத விஷயமும் இருக்கிறது.

இங்கிலாந்துக் கிராமம் என்றால் ரோஜாக் கொடி படர்ந்த வீடுகளும் பச்சைப் புல்வெளியும் நம் கண்முன் வரும். வீடுகளும் புல்வெளியும் இன்றும் இருக்கின்றன. ஆனால் முதலில் தபாலாபீஸ் மூடப்படுகிறது. அப்புறம் கடை. பஸ் நாளுக்கு இரண்டாகி, வாரத்துக்கு இரண்டாகி, நின்று போகிறது. மாணவர் குறைந்து பள்ளிக்கூடமும் போய் விட்டால், குழந்தையுள்ள குடும்பம் எதை நம்பி அங்கே குடியேறும்? இத்தகைய ஊர்களில் பாரிஷ் கவுன்சிலும், அதைச் சுற்றிக் கூடுகிற தொண்டர்களுந்தான் ஊரை இழுத்துப் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள்.

ஸாமர்ஸெட்டில் வெஸ்ட்பரி-ஸப்-மெண்டிப் என்ற ஊரை எடுத்துக் கொள்வோம். அங்கே வந்து கொண்டிருந்த நடமாடும் நூல்நிலையம் நின்று விட்டது. தெருவிலிருந்த சிவப்பு டெலிபோன் கூண்டுக்கும் வேலை இல்லாமற் போயிற்று. எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு யார் கூண்டுக்குள் போய்ப் பேசப் போகிறார்கள்? டெலிபோன் கம்பெனி இந்தக் கூண்டுகளை 1 பவுண்டுக்கு ஊராருக்கே விற்றது. 2009-ல் வெஸ்ட்பரி ஊரார் கூண்டை வாங்கி, அலமாரி அடித்து, புத்தகங்களை அடுக்கி விட்டார்கள். படித்த புத்தகத்தை வைத்து விட்டுப் படிக்காத புத்தகத்தை எடுத்துப் போக வேண்டியது. காவலும் கிடையாது, அபராதமும் கிடையாது. இதைப் பார்த்துப் பல ஊர்கள் அதே வழியில் போயின. வேறு பல ஊர்களில் அதே கூண்டில், நின்று போன இருதயத்தை மின்சார அதிர்ச்சி கொடுத்து ஓட வைக்கும் கருவி தொங்குகிறது. ஆம்புலன்ஸ் தூரத்திலிருந்து வந்து சேருவதற்குள் ஓர் உயிரைக் காப்பாற்றுவது அதுவாகவே இருக்கலாம்.

வடக்கே லங்காஷயரில் நடந்தது இன்னும் பெரிய சாகசம். 'பத்து வீட்டுக்காக எங்களால் கேபிள் போட முடியாது' என்ற தோரணையில் பெரிய கம்பெனிகள் ஒதுக்கி விட்ட குக்கிராமங்கள் அவை. 2011-ல் அவ்வூரார் தாங்களே ஒரு சங்கத்தை அமைத்தார்கள். பெயர் 'பார்ன்'. விவசாயிகள் தங்கள் நிலத்தின் வழியே கேபிள் போக இலவசமாக அனுமதித்தார்கள். சாலையைத் தோண்டினால் ஆகும் செலவு, வயலைத் தோண்டினால் ஆகாதல்லவா? டிராக்டர் வைத்திருந்தவர் டிராக்டருடன் வந்தார். மண்வெட்டி வைத்திருந்தவர் மண்வெட்டியுடன் வந்தார். செய்த வேலைக்குக் கூலியாகச் சங்கத்தின் பங்குகளை எடுத்துக் கொள்ளவும் வழி இருந்தது. இப்படிப் புதைத்த கண்ணாடி இழையில் செகண்டுக்கு 1,000 மெகாபிட் வேகத்தில் இன்டர்நெட் ஓடியது. லண்டன்வாசிகளுக்கே அப்போது அந்த வேகம் அபூர்வம்! பிற்பாடு இணைப்புகள் 10,000-ஐத் தாண்டின.

கம்ப்ரியாவில் ஹெஸ்கட் நியூமார்க்கெட் என்ற சிற்றூரில், ஊரார் கூடிப் பேசும் ஒரே இடமான 'ஓல்டு கிரவுன்' மதுக்கடை கைமாறும் நிலை வந்தபோது, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பங்கு போட்டு 2003-ல் அதை வாங்கி விட்டார்கள். பிரிட்டனில் கூட்டுறவு முறையில் ஊராருக்குச் சொந்தமான முதல் மதுக்கடை அதுதான். மதுவிலக்குப் பிரியர்கள் மன்னிக்கவும். அந்த ஊர்களில் அது குடிக்கிற இடம் மட்டுமல்ல, நம்மூர்த் திண்ணையும் அதுதான்.

வீடு யாருக்கு?

எல்லாவற்றிலும் கசப்பான தகராறு வீட்டைப் பற்றியது. கடலோரத்திலும் மலையோரத்திலும் உள்ள அழகான ஊர்களில் நகரத்துப் பணக்காரர்கள் விடுமுறை வீடு வாங்குகிறார்கள். விலை ஏறுகிறது. உள்ளூர்ப் பையன் கல்யாணம் செய்து கொண்டால், தான் பிறந்த தெருவிலேயே குடியிருக்க அவனுக்கு வீடு கிடைப்பதில்லை. மாரிக்காலத்தில் தெருவில் பாதி வீடுகளில் விளக்கெரியாது.

இந்த விஷயத்தில் பாரிஷ் கவுன்சிலுக்கு நேர் அதிகாரம் கிடையாது. வீடு கட்டும் மனுக்கள் வரும்போது அபிப்பிராயம் சொல்லலாம். முடிவு மேலே உள்ளவர்களுடையது. இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தது 2011-ம் வருஷச் சட்டம். எங்கே என்ன கட்டலாம் என்று ஊரே ஒரு திட்டம் தீட்டி, வோட்டெடுப்பில் நிறைவேற்றிக் கொள்ள அது வழி செய்தது. கார்ன்வாலின் கடலோரத்தில் உள்ள செயிண்ட் ஐவ்ஸ் ஊரார் 2016 மே மாதம் இதைப் பயன்படுத்திக் கொண்டார்கள். புதிதாகக் கட்டும் வீடுகளை, அங்கேயே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள்தான் வைத்திருக்கலாம் என்பது அவர்கள் திட்டத்தில் ஒரு ஷரத்து. வோட்டளித்தவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் ஆதரித்தார்கள். எதிர்த்து வழக்குப் போடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஹைகோர்ட் ஊராரின் பக்கம் தீர்ப்பளித்தது.

வெற்றிதான். ஆனால் புது வீடு கிடைக்காது என்றவுடன் வெளியூர்ப் பணம் பழைய வீடுகளின்மேல் பாயும் என்று பொருளாதார நிபுணர்கள் எச்சரித்தார்கள். உள்ளூர்க்காரனுக்கு ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு கதவு மூடிக் கொள்கிறது.

மேல்மட்டத்திலும் மாறுதல்கள் நடந்து வருகின்றன. 2023 ஏப்ரலில் ஸாமர்ஸெட், வடக்கு யார்க்ஷயர், கம்ப்ரியா ஆகிய இடங்களில் நடுவில் இருந்த ஜில்லா கவுன்சில்களைக் கலைத்துப் பெரிய கவுன்சில்களாக்கி விட்டார்கள். பெரிய கவுன்சிலின் ஆபீஸ் நெடுந்தூரத்தில் இருக்கிறது. அதற்குப் பணமுடையும் உண்டு. கார்ன்வாலில் முன்னமே நடந்தது போல, பொதுக் கழிப்பிடமும் பூங்காவும் "இனி நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள்" என்று பாரிஷ் கவுன்சில் தலையில் இறங்குகின்றன. ஊரார் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பிரிசெப்டை உயர்த்துவதா, கழிப்பிடத்தைப் பூட்டுவதா?

இத்தனை பாரத்தைச் சுமக்க ஆள் வேண்டுமே! அங்கேதான் சங்கடம். பல ஊர்களில் இருக்கும் இடங்களுக்கே போதிய அபேட்சகர்கள் கிடைப்பதில்லை. நடுவில் ஓர் இடம் காலியானால் அறிவிப்பு ஒட்டுவார்கள். 14 நாளுக்குள் வோட்டர்கள் 10 பேர் கேட்டால் இடைத் தேர்தல். யாரும் கேட்காவிட்டால், கவுன்சிலே ஒருவரைப் பார்த்துச் சேர்த்துக் கொள்ளலாம். தெருவில் பள்ளம் இருக்கிறது என்று புகார் சொல்லக் கூட்டத்துக்கு வந்து, பின் வரிசையில் கோபமாக உட்கார்ந்திருப்பவரின் பக்கம் எல்லாருடைய கண்களும் திரும்புவது பெரும்பாலும் அப்போதுதான்.