இரும்புத்திரைக்குக் கம்பி எங்கிருந்து வந்தது, தெரியுமா?

கம்யூனிஸ்ட் ஐரோப்பாவையும் மேற்கு ஐரோப்பாவையும் பிரித்த இரும்புத்திரையை ஏதோ மாஸ்கோவிலேயே வார்த்து, டாங்கியில் ஏற்றி வந்து நட்டார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஹங்கேரி, ஆஸ்திரியா எல்லையில் இருந்த மின்சார எச்சரிக்கை வேலி 1980-களில் துருப்பிடித்து இற்றுப்போனது. பழுதுபார்க்கத் துருப்பிடிக்காத கம்பி வேண்டும். அது எங்கே கிடைத்தது தெரியுமா? மேற்கு நாடுகளில்! அதுவும் அரும்பாடுபட்டுச் சேர்த்த அந்நியச் செலாவணியைக் கொட்டி வாங்க வேண்டும். மேற்கே ஓடுகிறவர்களைத் தடுக்க மேற்கத்தியக் கம்பி! இத்தனை செலவு செய்து கட்டிக் காத்த வேலியில் அடிக்கடி அகப்பட்டது யார்? முயலும் மானும்தான். மணி அடிக்கும், காவலர்கள் துப்பாக்கியோடு ஓடுவார்கள், போய்ப் பார்த்தால் ஒரு முயல் முழித்துக்கொண்டு நிற்கும்.

1988 நவம்பரில் ஹங்கேரியின் பிரதமரான மிக்லோஷ் நேமெத் பொருளாதாரம் படித்தவர். பட்ஜெட்டைப் புரட்டும்போது இந்த வேலிச் செலவு அவர் கண்ணில் பட்டது. ஒரே கோடு, அடித்துவிட்டார்! 1989 மார்ச்சில் மாஸ்கோவுக்குப் போய் சோவியத் தலைவர் கோர்பசேவிடமும் சொல்லிவிட்டு வந்தார். கோர்பசேவ் தடுக்கவில்லை. மே மாதம் வேலியைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் அதிசயம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று ஷோப்ரோன் நகருக்குப் பக்கத்தில், எல்லையிலேயே ஒரு பிக்னிக்! இரு நாட்டு மக்களும் கூடி உண்டு களிக்க, எல்லைக் கதவை மூன்று மணி நேரம் மட்டும் திறந்து வைப்பதாக ஏற்பாடு. ஹங்கேரிக்கு விடுமுறைக்கு வந்திருந்த கிழக்கு ஜெர்மானியர்கள் காதில் இந்தச் செய்தி விழாமல் இருக்குமா? ஹங்கேரிய எல்லை அதிகாரி அர்பாட் பெல்லாவும் விரல்விட்டு எண்ணக்கூடிய காவலர்களும் விருந்தினர் குழு வரும் என்று காத்திருக்க, வந்ததோ குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மரக்கதவை நோக்கி விரையும் ஒரு பெருங்கூட்டம். சுடலாம், சட்டம் அவர் பக்கம் இருந்தது. யோசிக்கச் சில நொடிகள்தான். பெல்லா என்ன செய்தார் தெரியுமா? ஆஸ்திரியப் பக்கம் திரும்பி நின்று, அங்கிருந்து வந்தவர்களின் பாஸ்போர்ட்டை அக்கறையாகச் சரிபார்க்கத் தொடங்கினார்! முதுகுக்குப் பின்னால் அறுநூறு பேருக்கு மேல் எல்லை தாண்டிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன டிராபன்ட் கார்கள் சாலையோரம் அநாதையாக நின்றன.

ஆகஸ்ட் கடைசியில் நேமெத் மேற்கு ஜெர்மனிக்கு ரகசியமாகப் பறந்து, எல்லையை முழுதாகத் திறக்கப்போவதாகச் சொன்னார். அதைக் கேட்டு அந்நாட்டின் பிரதமர் ஹெல்முட் கோல் கண்கலங்கிவிட்டார் என்று நேமெத்தே பின்னாளில் சொல்லியிருக்கிறார். செப்டம்பர் 11 முதல் எல்லை திறந்தது. கிழக்கு ஜெர்மானியர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கிளம்பினார்கள்.

சரி, ஊரைவிட்டுப் போகாமல் தெருவில் இறங்கியவர்கள்? அக்டோபர் 9, திங்கட்கிழமை மாலை, கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரம். புனித நிக்கோலாஸ் தேவாலயத்தில் பிரார்த்தனை முடித்து வந்தவர்களோடு சேர்ந்து சுமார் எழுபதாயிரம் பேர் மெழுகுவர்த்தியோடு நடந்தார்கள். மருத்துவமனைகளில் ரத்தம் சேமித்து வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள் என்பதை! அதே கிழக்கு ஜெர்மனி மண்ணில் சோவியத் படையினர் மூன்று லட்சத்துக்கும் மேல் முகாமிட்டிருந்தார்கள். 1953-இல் அங்கே தொழிலாளர்கள் எழுந்தபோது டாங்கிகளை விட்டு அடக்கியவர்கள் அவர்கள்தான். இந்த முறை ஒருவர்கூட முகாமைவிட்டு வெளியே வரவில்லை. ஜனநாயகத்துக்காக ஒரு வெளிநாட்டு ராணுவம் செய்த மிகப்பெரிய சேவை எது என்று என்னைக் கேட்டால், அந்த இரவு முகாமுக்குள்ளேயே இருந்ததைத்தான் சொல்வேன்.

இதற்கு நேர் எதிர் 1956. அதே ஹங்கேரிதான்! அக்டோபர் 23 அன்று புடாபெஸ்டில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், சில நாளில் நாடே எழுந்தது. அமெரிக்கப் பணத்தில் ஓடிய 'சுதந்திர ஐரோப்பா வானொலி' ஹங்கேரிய மொழியில் கொடுத்த தெம்பைக் கேட்டவர்கள், மேற்கத்தியப் படை வந்துகொண்டே இருக்கிறது என்று நம்பிவிட்டார்கள். படையாவது, வருவதாவது! பிரிட்டனும் பிரான்சும் அப்போது சூயஸ் கால்வாயைப் பிடிப்பதில் மும்முரம். அமெரிக்கா அசையவில்லை. நவம்பர் 4 விடியற்காலையில் சோவியத் டாங்கிகள் புகுந்தன. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் இறந்தார்கள், இரண்டு லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். கொடுக்க மனமில்லாத உதவியை வானொலியில் கொடுப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அந்தத் தெருக்களில் பெட்ரோல் குண்டோடு காத்திருந்த பையன்களுக்குத்தான் தெரியும்.

நம்மூர் கணக்கும் ஒன்று உண்டு. அந்த நவம்பரில் ஐ.நா. பொதுச்சபையில், சோவியத் படை வெளியேற வேண்டும், ஐ.நா. மேற்பார்வையில் ஹங்கேரியில் தேர்தல் நடக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. எதிர்த்து ஓட்டுப் போட்ட பட்டியலில், கம்யூனிஸ்ட் நாடுகளோடு இந்தியாவும்! ஐ.நா.வில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்த கிருஷ்ண மேனன் போட்ட ஓட்டு. சுதந்திரம் வாங்கி ஒன்பதே வருடமான நாட்டுக்கு அது அழகில்லை என்று அப்போதே இந்தியாவில் பலர் கொதித்தார்கள்.

அதே 1956-இல் புடாபெஸ்டின் அமெரிக்கத் தூதரகத்துக்குள் அடைக்கலம் புகுந்த ஹங்கேரியக் கர்தினால் மின்ட்சென்டி எவ்வளவு காலம் அங்கே இருந்தார், சொல்லுங்கள் பார்ப்போம்? பதினைந்து ஆண்டுகள்! வெளியே வந்தால் கைது. 1971-இல்தான் வெளியேறி வியன்னாவுக்குப் போக முடிந்தது.

பதினைந்துக்கே வாய் பிளந்தால் எப்படி? 1940-இல் எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றையும் ஸ்டாலின் விழுங்கினார். அமெரிக்கா அதை ஏற்கவே இல்லை. அவற்றின் தூதரகங்களை மூடச் சொல்லவும் இல்லை. வரைபடத்தில் இல்லாத நாடுகளுக்குத் தூதர்கள்! எஸ்டோனியாவின் எர்ன்ஸ்ட் யாக்சன் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு பாஸ்போர்ட் கொடுத்தார், தேசிய தினம் கொண்டாடினார், பல பத்தாண்டுகளாகக் காத்திருந்தார். 1991-இல் நாடு திரும்பக் கிடைத்தபோது எண்பது வயதைத் தாண்டியவர், அமெரிக்காவுக்கான எஸ்டோனியத் தூதராகவே பதவியேற்றார்!

அந்த விடுதலையை முதலில் மதித்த நாடு அமெரிக்கா என்றால் அதுவும் இல்லை. 1991 ஜனவரியில் லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் சோவியத் டாங்கிகள் தொலைக்காட்சிக் கோபுரத்தைக் கைப்பற்றியபோது நிராயுதபாணிகள் பதினான்கு பேர் இறந்தார்கள். பெரிய நாடுகள் கோர்பசேவ் மனம் கோணக்கூடாதே என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தன. அந்த மாதமே நேரில் போய் நின்றவர் ஐஸ்லாந்தின் வெளியுறவு அமைச்சர் யோன் பால்ட்வின் ஹன்னிபால்சன். மொத்த நாட்டின் மக்கள்தொகையே அப்போது இரண்டரை லட்சம், ராணுவமே கிடையாது! எண்ணெய்க்கு சோவியத்தை நம்பியிருந்த நாடு வேறு. பிப்ரவரியில் அதன் நாடாளுமன்றம் லிதுவேனியாவின் சுதந்திரத்துக்கு அங்கீகாரம் சொன்னது. கோபத்தில் மாஸ்கோ தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஐஸ்லாந்து அலட்டிக்கொள்ளவில்லை. வில்னியஸில் இன்றும் ஐஸ்லாந்து பெயரில் ஒரு தெரு இருக்கிறது. வாஷிங்டன் அங்கீகரித்தது எப்போது? அந்த ஆண்டு செப்டம்பர் 2. டென்மார்க், பிரிட்டன், ஜெர்மனி எல்லாம் முந்திக்கொண்ட பிறகு!

இப்போது, ஒரு சர்வாதிகாரியை விலகச் சொன்ன டெலிபோன் கதை. 1986 பிப்ரவரி, மணிலா. பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி மார்க்கோஸ் நடத்திய அவசரத் தேர்தலில், கணினியில் ஓட்டுக்கணக்கு ஏற்றிக்கொண்டிருந்த பணியாளர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர், "நாங்கள் ஏற்றும் எண் வேறு, பலகையில் வரும் எண் வேறு" என்று எழுந்து வெளியேறிவிட்டார்கள். அமெரிக்க அதிபர் ரீகனோ, இரண்டு பக்கமும் தில்லுமுல்லு நடந்திருக்கலாம் என்று பேசி எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேவும் தளபதி ராமோஸும் கட்சி மாறினார்கள். அவர்களைக் காப்பாற்ற வாருங்கள் என்று கர்தினால் ஜேமி சின் வானொலியில் அழைக்க, எட்சா சாலையில் லட்சக்கணக்கானோர் டாங்கிகளுக்கு முன்னால் ஜெபமாலையோடு அமர்ந்தார்கள்.

25-ஆம் தேதி அதிகாலை. தூக்கமில்லாத மார்க்கோஸ் வாஷிங்டனுக்குப் போன் போடுகிறார். யாருக்கு? ரீகனுக்கு இல்லை, ரீகனின் நண்பரான செனட்டர் பால் லாக்சால்ட்டுக்கு! பதவி விலகச் சொல்வது உண்மையிலேயே ரீகன்தானா என்று அறிய வேண்டும் அவருக்கு. லாக்சால்ட் வெள்ளை மாளிகைக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்ப அழைத்தார். "நான் என்ன செய்யட்டும்?" என்றார் மார்க்கோஸ். மிச்சம் மீதி வைக்காமல் விலகிவிடுங்கள், நேரம் வந்துவிட்டது என்றார் லாக்சால்ட். மறுமுனையில் பேச்சே இல்லை. லைன் அறுந்துவிட்டதா என்று லாக்சால்ட் கேட்கும் அளவுக்கு நீண்ட மௌனம். அன்று காலை, தேர்தலில் மார்க்கோஸை எதிர்த்து நின்ற கோரி அக்கினோ ஜனாதிபதியாகப் பதவியேற்றார். நண்பகலில் மார்க்கோஸும் தன் மாளிகையில் பதவியேற்றார். ஒரே நாளில் ஒரு நாட்டுக்கு இரண்டு ஜனாதிபதிகள்! இரவில் அமெரிக்க ஹெலிகாப்டர் வந்து ஒருவரைக் குறைத்தது.

கொடுங்கோலனுக்குப் போக்கிடம் காட்டியது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. எட்சாவில் உட்கார்ந்திருந்தவர்கள் உயிரோடு வீடு போனார்கள் என்பதால் நான் சரி என்பேன். ஆனால் பணத்தோடு அனுப்பியது சரியில்லை. அதற்கு ஸ்விட்சர்லாந்து ஒரு வேலை செய்தது. அடுத்த மாதமே மார்க்கோஸ் குடும்பக் கணக்குகளை முடக்கியது! ரகசியத்துக்கே பேர்போன ஸ்விஸ் வங்கிகளா இப்படி என்று உலகமே அசந்தது. அந்தக் கணக்குகளை மார்க்கோஸும் மனைவி இமெல்டாவும் எந்தப் பெயரில் தொடங்கியிருந்தார்கள் தெரியுமா? வில்லியம் சாண்டர்ஸ், ஜேன் ரயான்! பதினேழு, பதினெட்டு வருட வழக்குக்குப் பிறகு 60 கோடி டாலருக்கு மேல் பிலிப்பைன்ஸுக்குத் திரும்பி வந்தது.

நல்லதை மட்டும் சொன்னால் போதுமா? 2011 ஜனவரியில் துனீசியா கொதித்துக்கொண்டிருந்தது. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் மிஷேல் அலியோ-மாரி நாடாளுமன்றத்தில் எழுந்து, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதில் எங்கள் போலீசுக்கு இருக்கும் தேர்ச்சியைத் துனீசியாவுக்கும் தரத் தயார் என்றார்! மூன்றே நாளில் துனீசிய அதிபர் பென் அலி சவூதிக்கு ஓடிவிட்டார். பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. போராட்டம் தொடங்கியிருந்த கிறிஸ்துமஸ் சமயத்தில் அம்மையார் அங்கேதான் விடுமுறையில் இருந்திருக்கிறார், அதுவும் ஒரு துனீசியத் தொழிலதிபரின் தனி விமானத்தில் சுற்றிக்கொண்டு. பிப்ரவரி முடிவதற்குள் பதவி போயிற்று.

பெய்ஜிங் கதை இன்னும் விசித்திரம். தியானென்மென் படுகொலை 1989 ஜூன் 4. அமெரிக்க அதிபர் புஷ் வெளிப்படையாகக் கண்டித்தார், உயர்மட்டச் சந்திப்புகளை நிறுத்தினார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பாதுகாப்பு ஆலோசகர் பிரென்ட் ஸ்கோகிராஃப்டை ரகசியமாக பெய்ஜிங்குக்கு அனுப்பினார்! வழியில் எங்கும் இறங்கினால் வெளியே தெரிந்துவிடும் என்று வானத்திலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது அந்த விமானம். ரகசியம் எவ்வளவு கட்டுக்கோப்பானது என்றால், சீன ராணுவத்துக்கே விஷயம் தெரியாமல், அடையாளம் தெரியாத விமானம் வருகிறது, சுட்டுவிடலாமா என்று அதிபர் யாங் ஷாங்குனிடம் கேட்டார்களாம். நல்லவேளை, போன் அவருக்கே நேராகப் போயிற்று என்று ஸ்கோகிராஃப்டே எழுதியிருக்கிறார். ஊருக்கு ஒரு முகம், உள்ளே ஒரு முகம்! டிசம்பரில் விஷயம் அம்பலமானபோது அமெரிக்காவிலேயே காறித் துப்பினார்கள்.

பக்கத்திலேயே நடந்ததை விட்டுவிட முடியுமா? 2022 ஜூலையில் இலங்கை மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் குளத்தில் குதித்ததை எல்லோரும் பார்த்தோம். ஜனாதிபதி கோத்தபாய மாலத்தீவு வழியாக சிங்கப்பூர் போய், அங்கிருந்து மின்னஞ்சலில் ராஜினாமா அனுப்பினார். அடைக்கலம் அவர் கேட்கவும் இல்லை, நாங்கள் கொடுக்கவும் இல்லை, இது தனிப்பட்ட பயணம் என்று சிங்கப்பூர் அளந்து பேசியது. இரண்டு மாதம் முன்பே சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், மருந்துகளோடு ஒரு கப்பல் கொழும்புக்குக் கிளம்பியிருந்தது நினைவிருக்கிறதா? ஒரு மாநில அரசு அனுப்பிய கப்பல்! தமிழர்களுக்கு மட்டும் என்று பிரிக்காதீர்கள், எல்லா மக்களுக்கும் பொதுவாக அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டவர்கள் இலங்கைத் தமிழ்த் தலைவர்களே. அந்த வருடம் இலங்கைக்கு எத்தனையோ நாடுகள் எத்தனையோ அறிக்கை விட்டன. எனக்கு நினைவில் நிற்பது அந்தக் கப்பல்தான்.

கடைசியாக ஒரு தூதர், இல்லை, இரண்டு தூதர்கள். 2021 பிப்ரவரியில் மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. லண்டனில் இருந்த மியன்மார் தூதர் ச்சோ ஸ்வார் மின் ராணுவத்தைக் கண்டித்தார். ஏப்ரலில் ஒருநாள் வெளியே போய்விட்டு வந்தால் தூதரகக் கதவு உள்பக்கம் பூட்டு! பூட்டியது அவருக்குக் கீழே வேலை பார்த்த ராணுவ அதிகாரி. தூதர் அன்றிரவு தன் காரிலேயே தூங்கினார். பிரிட்டன் ராணுவத்தைக் கண்டித்தது, தூதரின் துணிச்சலைப் பாராட்டியது, அதே மூச்சில் அவர் பதவி போனதை ஏற்றும் கொண்டது.

நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான தூதர் ச்சோ மோ துன் பொதுச்சபையில் ராணுவத்துக்கு எதிராகப் பேசி, முடிவில் எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். மறுநாளே ராணுவம் வேலையைவிட்டுத் தூக்கியது. ஆனால் ஐ.நா.வில் யார் உட்காருவது என்று முடிவு செய்வது ஒரு சான்றுரைக் குழு. அமெரிக்கா, சீனா, ரஷ்யா மூன்றும் அதில் உண்டு. அந்தக் குழு என்ன செய்தது தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை! முடிவை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தது. அடுத்த ஆண்டும் ஒத்திவைத்தது. அதற்கடுத்த ஆண்டும் அதேதான். தூக்கப்பட்ட தூதர் பாட்டுக்கு வந்து உட்கார்ந்து, மியன்மார் என்று பெயர் அழைத்தபோதெல்லாம் எழுந்து பேசிக்கொண்டிருந்தார்.