மண்ணுக்குள் ஒரு மண்சுவர்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த கீழ்ச்செப்பிலியில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. வாலியர் வீடுகள் என்று மலைமக்கள் சொல்வார்கள். குள்ளமான ஓர் இனம் அங்கே குடியிருந்ததாம். தொல்லியலாளர் கணக்கில் அவை வீடுகள் அல்ல, இறந்தவர்களுக்காக எழுப்பியவை. அப்படியானால் எழுப்பியவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? மண்ணும் மரமும் புல்லும் கொண்டு கட்டியிருப்பார்கள். அவை மண்ணோடு மண்ணாகிவிட்டன. அந்த மண்ணிலிருந்து வீட்டைப் பிரித்தெடுப்பதுதான் அகழாய்வில் மிகக் கடினமான கைவேலை என்பேன்.

மலைக்கு மேற்கே, திருப்பத்தூர் வட்டாரத்துப் பையம்பள்ளியில் இது நடந்திருக்கிறது. 1964-65இலும் 1967-68இலும் இந்தியத் தொல்லியல் துறையின் எஸ்.ஆர். ராவ் அங்கே தோண்டினார். புதிய கற்கால மக்கள் தரையில் குழி வெட்டி, மேலே கூரை போட்டு வாழ்ந்த இடங்கள் வெளிவந்தன. கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. கரிமக் கணிப்பு ஒன்று கி.மு. 1390ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியது.

கூரை இருந்தது எப்படித் தெரிந்தது? கம்பு நட்ட துளைகளால். துளை என்றால் ஓட்டை கிடையாது. கம்பு மக்கிய இடத்தில் வேறு மண் இறங்கி நிரம்பியிருக்கும். சுற்றியுள்ள கெட்டி மண்ணுக்கு நடுவே கொஞ்சம் கறுத்த, பொலபொலவென்ற ஒரு வட்டம், அவ்வளவுதான். மண்வெட்டி ஒரு வீச்சு ஆழமாகப் போனால் அதுவும் போய்விடும்.

ராவுக்கு இந்த மண் பழக்கம் புதிதல்ல. குஜராத்தின் லோத்தலைத் தோண்டியவர் அவர்தான். ஹரப்பா காலத்து ஊரான அங்கே மேடைகளும் மதிலும் பச்சைச் செங்கல்லால், அதாவது சுடாமல் வெயிலில் மட்டும் காயவைத்த கல்லால் கட்டப்பட்டவை. பச்சைச் செங்கல் சுவர் சாகும் விதமே தனி. அடியில் ஈரம் ஏறும், உப்புப் பூக்கும், கால்பகுதி அரித்துப்போகும், ஒருநாள் மேல்பாகம் சரியும். சரிந்த கற்கள் மழையில் கரைந்து அறையை நிரப்பும். அப்படி நிரம்பிய மண்தான் மிஞ்சிய அடிச்சுவரை அணைத்துக் காப்பாற்றுகிறது. சுவரும் மண், அதை மூடியதும் அதே மண். சங்கடம் அங்கேதான்.

மண்ணைக் கரணையால் மெல்லச் சுரண்டி, பரப்பைச் சமமாக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்துக் காத்திருக்க வேண்டும். கல்லும் இடையிலுள்ள சாந்தும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. காயும் அந்தச் சில நிமிடங்களில் கட்டம் கட்டமாகக் கோடுகள் எழுந்துவரும். உச்சிவெயிலில் எதுவும் தெரியாது. காலையும் மாலையும் சாய்ந்த வெளிச்சம் வேண்டும். சுவரில் பூச்சு இருந்தால் பெரும் உதவி, நிரம்பிய மண் பூச்சிலிருந்து தானாக உரிந்து விலகும். தரை வந்து சுவரைத் தொடும் இடத்தைக் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தக் கண் பழகுவதற்குள் உலகமே நிறையச் சுவர்களை இழந்துவிட்டது. மெசொப்பொத்தேமியாவில் ஆரம்பகால அகழ்வுகள் சிலைகளையும் எழுத்துப் பலகைகளையும் தேடிச் சுவர்களை வெட்டிக்கொண்டே போயின. 1899இல் பாபிலோனைத் தோண்டத் தொடங்கிய ஜெர்மானியர் ராபர்ட் கோல்டவேயும் பிறகு அசூரைத் தோண்டிய வால்டர் ஆண்ட்ரேயும்தான் ஒவ்வொரு கல்லாகச் சுவரைத் தொடரும் முறையை வளர்த்தார்கள். அசூர் இருந்த ஷெர்காத் ஊர்த் தொழிலாளர்கள் இந்தக் கலையில் தேர்ந்து, பின்னர் ஈராக்கின் மற்ற அகழாய்வுகளிலும் தேடி அழைக்கப்பட்டார்கள். நம் பக்கமும் இதே கதைதான். ஹரப்பாவில் 1921இலேயே அகழாய்வு தொடங்கிவிட்டது. ஆனால் அடியில் 40 அடிக்கு மேல் அகலமான பச்சைச் செங்கல் மதிலை மார்ட்டிமர் வீலர் வெட்டிக் காட்டியது 1946இல்.

கண்டுபிடித்ததும் பதிவு தொடங்கும். கல்லின் நீளம், அகலம், கனம் முதலில். ராஜஸ்தானின் காளிபங்கனில் முற்கால வீட்டுக் கல் 30, 20, 10 செ.மீ.; பிந்திய வீட்டுக் கல் 30, 15, 7.5 செ.மீ. இந்த அளவு மாற்றமே இரண்டு காலங்களைப் பிரித்துச் சொல்லும். பிறகு கல்லை நீளவாக்கில் அடுக்கினார்களா, குறுக்கே வைத்தார்களா, சாந்தின் நிறம் என்ன, எந்த மண் அடுக்கு எதன் மேல் கிடக்கிறது என்று எல்லாவற்றையும் அளவுக் கட்டத்தாளில் வரைவார்கள். மண்ணின் நிறத்துக்கும் எண்ணிட்ட அட்டைப் புத்தகம் உண்டு. 'கொஞ்சம் பழுப்பு' என்றெல்லாம் எழுதக்கூடாது. இப்போது நூற்றுக்கணக்கில் படமெடுத்துக் கணினியில் முப்பரிமாண உருவமும் செய்கிறார்கள். ஆனாலும் கையால் வரைவதை விட்டுவிடக்கூடாது என்பது என் கட்சி. வரைகிறவர் ஒவ்வொரு கோட்டையும் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானித்தே ஆகவேண்டும். கேமராவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கல்லுக்குள்ளும் செய்தி உண்டு. மண் பிளக்காதிருக்கச் சேர்த்த வைக்கோலும் உமியும் மக்கிவிடும். அவற்றின் சிலிக்கா மணிகள் மக்காது. நுண்நோக்கியில் பார்த்தால் என்ன பயிர் என்று சொல்லிவிடலாம். கருகிய வைக்கோல் தாள் ஒன்று அகப்பட்டால் காலமும் கிடைக்கும்.

திறந்துவைத்த மண்சுவர் சில மழைக்காலங்கூடத் தாங்காது. அதனால் வரைந்து முடித்ததும் மணலும் மண்ணும் போட்டு மறுபடி மூடிவிடுவதே வழக்கம். திருப்பத்தூர்ப் பக்கம் கிணறோ கடைக்காலோ வெட்டும்போது சாம்பல் அடுக்கும் கருப்பு சிவப்புப் பானை ஓடும் கண்ணில் பட்டால், ஓட்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள். வேலையை நிறுத்திவிட்டு வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள். ஓட்டைச் சுற்றியிருக்கும் அந்த மண்தான் அவர்களுக்கு வேண்டும்.