ஜெர்மானியரை மாற்றிய ரோம், கொற்கையை ஏன் மாற்றவில்லை?

“நம்ம கொற்கை முத்து ரோம் வரைக்கும் போச்சு.” திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் எந்த மேடையில் இதைச் சொன்னாலும் கைதட்டு நிச்சயம். தகவலும் சரிதான். ஆனால் அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. முத்து அங்கே போனது சரி, பதிலுக்கு ரோம் இங்கே எதை மாற்றியது?

கிட்டத்தட்ட அதே காலத்தில் ரோமோடு பழகிய இன்னொரு கூட்டம் உண்டு. ரைன், டான்யூப் ஆறுகளுக்கு அந்தப் பக்கம் வாழ்ந்த ஜெர்மானியப் பழங்குடிகள். அவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தாமிரபரணிக் கரையில் நடந்தது என்ன என்பது தெளிவாகப் புரியும்.

ஜெர்மானியருக்கு என்ன நடந்தது?

அவர்களுக்கு ரோம் பக்கத்து வீடு. ஆற்றின் ஒரு கரையில் ரோமப் படை முகாம், மறு கரையில் இவர்கள் ஊர். சண்டையும் நடந்தது, சம்பளமும் கிடைத்தது. கி.பி. 9-இல் டியூட்டோபர்க் காட்டில் 3 ரோமப் படையணிகளை அழித்த அர்மினியஸ், ஏற்கெனவே ரோமப் படையில் வேலை பார்த்து ரோமக் குடியுரிமை வாங்கியவர். கற்ற வித்தையைக் கற்றுக்கொடுத்தவர்கள் மேலேயே காட்டிவிட்டார்! அகஸ்டஸ் காலத்திலேயே பேரரசரின் மெய்க்காப்பாளர்களாக ஜெர்மானியர்கள் இருந்தார்கள்.

மொழியிலும் இது ஆழமாக இறங்கியது. இன்றைய ஜெர்மன் மொழியில் தெருவுக்கு ‘ஷ்ட்ராஸ’, ஜன்னலுக்கு ‘ஃபென்ஸ்டர்’, சுவருக்கு ‘மௌவர்’ என்கிறார்கள். எல்லாமே லத்தீனிலிருந்து வந்தவை. கல் கட்டடமும் போட்ட சாலையும் யாரிடமிருந்து வந்தது என்பதை அந்தச் சொற்களே சொல்லிவிடுகின்றன.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்

கொற்கை பற்றி நமக்குக் கிடைக்கும் முக்கியமான வெளிநாட்டுக் குறிப்பு ‘பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழிக் கையேடு. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வந்துபோன வணிகர் ஒருவர் எழுதியது. அதில் ‘கொல்கோய்’ என்று வருவதுதான் நம் கொற்கை. பாண்டியர் ஆட்சியில் இருக்கிறது, முத்துக்குளிப்பு நடக்கிறது என்கிறது அந்த நூல்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். எகிப்தின் பெரெனிகே துறைமுகத்திலிருந்து பருவக்காற்றைப் பிடித்து வந்த பெரிய கப்பல்கள் பெரும்பாலும் சரக்கு ஏற்றியது மேற்குக் கரையில்: முசிறியிலும் நெல்கிண்டாவிலும். இதில் நெல்கிண்டா பாண்டியருக்கு உட்பட்டது. அங்கே ஏற்றுமதியான பொருள்களின் பட்டியலில் மிளகோடு முத்தும் இருக்கிறது. ஆக, கொற்கை முத்து உள்நாட்டுப் படகிலோ தரைவழியாகவோ மேற்குக் கரைக்குப் போய் அங்கே கப்பல் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். கொற்கைத் துறையில் வரிசையாக ரோமக் கப்பல்கள் நிற்கிற மாதிரி யூடியூபில் ஓடும் படங்கள் எல்லாம் கொஞ்சம் கூடுதல்தான்.

வந்தவர்கள் வியாபாரிகள். அவர்களுக்குப் பின்னால் படையணி வரவில்லை. வருவதற்கும் போவதற்கும் காற்று திரும்பக் காத்திருக்க வேண்டும். இவ்வளவு தூரத்தில் ஒரு அரசனை மிரட்டி வைத்திருக்க முடியாது.

அதனால் காட்சி அப்படியே தலைகீழாகிறது. ஜெர்மானியர்கள் ரோமப் பேரரசரின் வாசலில் காவல் நின்றார்கள் இல்லையா? சங்க இலக்கியமான முல்லைப்பாட்டில், தமிழ் அரசனின் பாசறையில் காவல் நிற்பது யவனர்கள். சட்டை போட்டு, இடுப்பில் சாட்டை சுற்றிய வாட்டசாட்டமான ஆட்கள். யவனர் என்றால் கிரேக்கர்கள், பொதுவாக மேற்கிலிருந்து வந்தவர்கள். சம்பளம் கொடுத்தது நம் ஆள்! அந்தச் சாட்டைக்கு அங்கே வரும் ‘மத்திகை’ என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது என்பது மொழி ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. அப்படி வந்த சொற்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். தமிழி எழுத்து, ஊர் அமைப்பு, வழிபாடு எதிலும் ரோமின் கை படவில்லை.

காசை வெட்டியவர்கள்

ரோமக் காசுகளை நம்மவர்கள் நடத்திய விதம் இன்னும் சுவாரஸ்யம். தமிழகத்தில் அவை அதிகம் கிடைப்பது கோவை, கரூர் வட்டாரத்தில். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 ரோமப் பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு! இனி இது காசாகப் புழங்காது, வெறும் தங்கம்தான் என்று காட்டவே வெட்டினார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம். சீசர் முகமெல்லாம் அவர்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஜெர்மானியர்களும் காசில் கறார்தான். எல்லையோரத்து ஆட்கள் பழைய வெள்ளிக்காசுகளைத்தான் பார்த்துப் பார்த்து வாங்கினார்கள் என்று கி.பி. 98-இல் டாசிட்டஸ் எழுதுகிறார். ஆனால் அவர்களின் பிற்காலச் சந்ததிகள் ரோமப் பேரரசரின் முகம் போட்ட பதக்கங்களைப் பார்த்து அதேபோல் தங்கத்தில் செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

முத்தை எடுத்தது யார்?

பெருமை பேசும்போது நாம் தாண்டிப் போகிற வரி ஒன்று பெரிப்ளூஸில் இருக்கிறது. கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது அது. ஆக்ஸிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது. மூச்சை அடக்கி, கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும்.

மறுமுனையில், லோலியா பவுலினா என்ற ரோமப் பெண்மணி ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு முத்தும் மரகதமும் அணிந்து வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக பிளினி எழுதுகிறார். நகையின் மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ். அன்றைய ரோமச் சிப்பாயின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். கணக்குப் போட்டால் 44,000 சிப்பாய்களின் ஒரு வருடச் சம்பளம்! அந்த முத்தெல்லாம் கொற்கையிலிருந்து போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. பாரசீக வளைகுடா முத்தும் ரோமுக்குப் போனது. ஆனால் நம் கடலில் மூழ்கியவர்களின் மூச்சு எந்தச் சந்தைக்குப் போனது என்பது இதிலிருந்து தெரியும்.

ரோம் போன பிறகும் முத்து வியாபாரம் நிற்கவில்லை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் கொற்கையை முடித்தது. கடல் பின்வாங்க, துறைமுகம் காயலுக்குப் போய், பிறகு தூத்துக்குடிக்குப் போனது. அங்கே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். இன்று ஏரல் பக்கம் கொற்கைக்குப் போனால் கடல் சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. பக்கத்து ஊரின் பெயர் மட்டும் இன்னும் அக்கசாலை. அதற்கு நாணயம் அடிக்கும் இடம் என்று அர்த்தம்.