உங்களுக்குத் தெரியுமா? தில்லைக் கோபுரத்தில் விருத்தாசலத்துச் சிற்பி

சிதம்பரம் நடராசர் கோயிலின் வடக்குக் கோபுரத்தைக் கட்டியவர் யார்? கிருஷ்ணதேவராயர் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். கல்வெட்டும் அப்படித்தான் சொல்கிறது. அவருக்கு அங்கே சிலையும் உண்டு. ஆனால் அதே கோபுரத்தின் உட்சுவரில் இன்னும் நால்வர் பெயரோடு நிற்கிறார்கள். கோபுரத்தை உண்மையில் எழுப்பிய சிற்பிகள் அவர்கள்.

முதல் பெயர், விருத்தகிரியில் கேசவப்பெருமாள். விருத்தகிரி நம் விருத்தாசலம்தான். மங்கலம்பேட்டையில் பஸ் ஏறினால் அடுத்து வரும் பெரிய ஊர். பக்கத்தில் அவர் மகன் விசுவமுத்து. பிறகு திருப்பிறைக்கோடை ஆசாரி திருமருங்கன், அவர் தம்பி காரணாச்சாரி. ஒரு தகப்பனும் பிள்ளையும், ஓர் அண்ணனும் தம்பியும். நம் வட்டாரத்துப் பிள்ளைகள் ராயரின் பெயரைப் பாடத்தில் படிக்கிறார்கள். கேசவப்பெருமாளின் பெயரையும் அவர்கள் படிக்க வேண்டாமா?

கேசவப்பெருமாளின் ஊரில் கல்வேலைக்குப் பழைய வேர் உண்டு. அங்குள்ள விருத்தகிரீஸ்வரர் கோயிலைச் செம்பியன் மாதேவி கற்றளியாக்கியது, அதாவது கல்கோயிலாக்கியது, 10-ஆம் நூற்றாண்டில். சிதம்பரத்தின் வடக்குக் கோபுரத்தை ராயர் முடித்ததோ அதற்கு வெகுகாலம் பின்னால், 16-ஆம் நூற்றாண்டில்.

அந்தக் கோபுரம் ஏழு நிலை, சுமார் 40 மீட்டர் உயரம். அடித்தளம் முழுக்கக் கருங்கல். மேல்நிலைகளோ செங்கல்லும் சுண்ணாம்பும்; உருவங்கள் சுதை. உச்சிவரை கல்லையே அடுக்கினால் பாரம் அடித்தளத்தை அழுத்தும். அதனால்தான் மேலே போகப் போக எடை குறைந்த பொருள், நிலைக்கு நிலை குறுகும் அகலம். சுதை சிதைந்தால் திருப்பணியில் புதுப்பித்துக்கொள்ளலாம். கல் அப்படியே நிற்கும்.

கிழக்கு, மேற்குக் கோபுர வாசல்களில் 108 நாட்டியக் கரணங்களும் அவற்றுக்குரிய நாட்டிய சாஸ்திர சுலோகங்களும் உண்டு. நடனம் பயில்வோர் இன்றும் தேடிவந்து பார்க்கும் பாடம் அது.

கிழக்குக் கோபுரத்தைப் பழுதுபார்க்க 18-ஆம் நூற்றாண்டில் பொருள் தந்தவர் பச்சையப்ப முதலியார். ஆம், சென்னையில் கல்லூரிக்குப் பெயராக இருப்பவரேதான்.

தஞ்சைப் பெரிய கோயிலைச் சொல்லும்போதும் ராஜராஜனோடு நின்றுவிடுகிறோம். குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயரை அந்தக் கோயில் கல்வெட்டே தருகிறது. அரசன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்திருக்கிறான் என்றால், அந்தத் தச்சனுக்கு இருந்த மதிப்பு எவ்வளவு!

தகப்பன், பிள்ளை என்று வரும் இந்த வழி நம் காலத்திலும் தொடர்ந்தது. மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய சிற்பப் பள்ளியை முதலில் நடத்தியவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் அவர் மகன் கணபதி ஸ்தபதி. குமரிமுனையில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை கணபதி ஸ்தபதி வடிவமைத்தது.