எங்கட பெடியனில கை வைச்சால்?

வடமராட்சியில் உதைபந்தாட்டம் பார்க்கிற எவருக்கும் இது புதிதல்ல. பக்கக் கோட்டோரம் பந்தைக் கொண்டு ஓடும் பெடியனின் கணுக்காலில் எதிரணிக்காரனின் சப்பாத்து ஏறுகிறது. விழுந்தவன் எழும்பவில்லை. மத்தியஸ்தர் ஊதிவிட்டு வந்து சேர்வதற்குள், விழுந்தவனின் கழகத்து இன்னொருவன் ஓடிவந்து அடித்தவனை இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளுகிறான். கோட்டுக்கு வெளியே நின்ற பத்துப் பேர் உள்ளே இறங்குகிறார்கள். பிறகு கேட்டால் உடுப்பிட்டியிலும் ஒரே பதில்தான், பருத்தித்துறையிலும் அதே பதில்தான்: “எங்கட பெடியனில கை வைச்சால் பார்த்துக்கொண்டு நிற்கிறதோ?”

இதை “வன்முறை கூடாது” என்ற ஒற்றை வரியால் தட்டிவிட முடியாது. கேள்விக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவனைக் குறிவைத்து அடிக்கிறார்கள், மத்தியஸ்தர் காணவில்லை, அல்லது கண்டும் காணாத மாதிரி நிற்கிறார் என்றால், அவனுக்கு யார் துணை? இந்த நியாயத்தை வழக்கமாகவே ஏற்றுக்கொண்டு பல பத்தாண்டுகள் ஆடிப் பார்த்த விளையாட்டு ஒன்று உண்டு. எங்கள் உறவினர் பிள்ளைகள் ரொறன்ரோவில் இருந்துகொண்டு தொலைக்காட்சியில் பார்க்கும் பனித்தரை ஹொக்கி.

வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் இருவர் கைகலந்தால் இருவருக்கும் ஐந்து நிமிடம் தண்டனை. தண்டனைப் பெட்டியில் இருந்துவிட்டுத் திரும்ப வந்து ஆடலாம். சண்டை நடக்கும்போது கோட்டு நடுவர்கள் பெரும்பாலும் ஒருவர் விழும்வரை விலகியே நிற்பார்கள். முன்பெல்லாம் அணிக்கு ஒரு காவல்காரன் இருந்தான். கோல் அடிப்பது அவன் வேலையல்ல, கோல் அடிப்பவனைத் தொடுகிறவனைக் கவனிப்பதுதான் வேலை. அந்த ஆட்டத்தின் பெரும் நட்சத்திரம் வெயின் கிரெட்ஸ்கி 1988 ஓகஸ்டில் எட்மன்டனிலிருந்து லொஸ் ஏஞ்சலிசுக்கு மாறியபோது, அவருக்குக் காவலாக நின்ற மார்ட்டி மக்சோர்லியும் கூடவே போனார். சண்டையை வலிந்து தொடங்குபவனுக்கு மேலதிகத் தண்டனை என்ற விதியை 1992இல் இறுக்கியபோதும், ‘இப்படிச் செய்தால் நட்சத்திரங்களை யார் காப்பது?’ என்றுதான் பலர் முறையிட்டார்கள்.

இந்தக் காவல் முறை எங்கே போய் முடியும் என்பதற்கு 2004ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். பெப்ரவரி 16ஆம் திகதி கொலராடோ வீரர் ஸ்டீவ் மூர், வன்கூவர் அணித்தலைவர் மார்க்கஸ் நஸ்லுண்டின் தலையோடு மோதினார். நஸ்லுண்டுக்கு மூளை அதிர்ச்சி. மூருக்கு நடுவர் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. வன்கூவர்காரர் கணக்கு வைத்துக்கொண்டார்கள். மார்ச் 8ஆம் திகதி இரு அணிகளும் மறுபடி சந்தித்தன. முதற் பகுதியிலேயே வன்கூவர் வீரர் ஒருவரோடு மூர் நேருக்கு நேர் நின்று சண்டை பிடித்தார். அந்த ஆட்டத்தின் எழுதாச் சட்டப்படி கடன் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மூன்றாம் பகுதியில், தம் அணி பெருந்தோல்வியில் இருந்த நேரம், வன்கூவர் வீரர் டொட் பெர்ட்டூசி மூரைப் பின்னாலிருந்து துரத்திப்போய்ப் பிடித்துத் தலையில் குத்தி, அவர்மேலேயே விழுந்தார். மூரின் கழுத்தில் மூன்று முள்ளெலும்புகள் முறிந்தன. அவர் அதற்குப் பிறகு ஒரு தொழில்முறை ஆட்டமும் ஆடவில்லை. பெர்ட்டூசி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூர் தொடர்ந்த நட்டஈட்டு வழக்கு 2014 வரை இழுபட்டது.

கிரெட்ஸ்கியின் காவலர் மக்சோர்லியின் தேசிய லீக் வாழ்க்கையும் நீதிமன்றத்தில்தான் முடிந்தது. 2000 பெப்ரவரியில் எதிரணி வீரர் ஒருவரின் தலையில் ஹொக்கித் தண்டால் அடித்ததற்காக. கனடாவின் ஒரு கீழ்நிலை லீக்கில் சண்டையின்போது தலை பனித்தரையில் மோதிய 21 வயது டொன் சாண்டர்சன், மூன்று வாரம் கழித்து 2009இன் தொடக்கத்தில் இறந்தார். காவல்காரர்களின் காலம் இப்போது அநேகமாக முடிந்துவிட்டது. 2008–09 பருவத்தில் தேசிய ஹொக்கி லீக்கில் 700க்கும் மேற்பட்ட சண்டைகள். அண்மைப் பருவங்களில் முந்நூறு சொச்சம். அதனால் நட்சத்திரங்கள் ஆடாமல் போய்விடவுமில்லை.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். குறிவைக்கப்பட்ட தோழனுக்காக ஒரு அணி நின்றதற்கு இலங்கையில் பெரிய சாட்சி ஒரு தமிழரின் பந்துவீச்சுத்தான். 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயார், முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று ஏழு தடவை ‘நோ போல்’ சொன்னார். சில நாளில் பிரிஸ்பேணில் ரொஸ் எமர்சனும் சொன்னார். பிறகு மருத்துவப் பரிசோதனை நடந்தது, பந்துவீச்சு சரி என்று சர்வதேச கிரிக்கெட் சபை ஏற்றது. ஆனாலும் 1999 ஜனவரி 23ஆம் திகதி அடிலெய்டில், இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில், அதே எமர்சன் மறுபடி கை நீட்டினார். இலங்கை அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க நேரே அவரிடம் போனார். விரலை ஆட்டி ஆட்டிப் பேசினார். பிறகு அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக் கோடுவரை நடந்தார். ஆட்டம் நின்றது. கொழும்போடு தொலைபேசியில் பேசினார்கள். திரும்பி வந்து ஆடினார்கள். முரளியைத் தொடர்ந்து போடவும் வைத்தார்.

ரணதுங்க விதியை மீறவில்லை என்று சொல்ல வரவில்லை. மீறினார். ஆட்டக் கட்டணத்தில் 75 சதவீதம் அபராதமும், ஒத்திவைக்கப்பட்ட ஆறு ஆட்டத் தடையும் வந்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எதிர்த்தது அணித்தலைவர்; எதிர்த்தது தீர்ப்பளித்தவரை; யார் முகத்திலும் கை படவில்லை. அதே ஆட்டத்தில் பிற்பாடு ரொஷான் மஹாநாமவும் டரன் கோவும் மோதிக்கொண்டு, கோ தலையால் முட்டப்போவதுபோல் பாவனை காட்டினார். அதனால் முரளிக்கு என்ன இலாபம்? ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் 302ஐ இலங்கை ஒரு விக்கெட் கையிருக்கத் துரத்தி முடித்தது. கடைசியில் களத்தில் நின்றவர்களில் ஒருவர் முரளி.

இந்தியாவும் இதே பாடத்தின் இரண்டு பக்கத்தையும் காட்டியிருக்கிறது. 2021 ஓகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் பும்ராவை இங்கிலாந்து வீச்சாளர்கள் தலைக்குக் குறிவைத்துப் போட்டார்கள், வாயும் கொடுத்தார்கள். பும்ராவும் ஷமியும் பிரியாமல் 89 ஓட்டம் சேர்த்தார்கள். அன்று பின்னேரமே இங்கிலாந்து 120க்குச் சுருண்டது. ஒருவனைத் தொட்டால் பதினொரு பேரும் வருவோம் என்ற பொருளில் இந்திய வீரர் ராகுல் பிறகு பேசினார். வந்தது பந்தோடு. 2019 நவம்பரில் டில்லியில் நேரு கிண்ண ஹொக்கி இறுதியாட்டத்திலோ, 3–3 என்று சமநிலையில் இருந்தபோது பஞ்சாப் பொலிஸ் அணியும் பஞ்சாப் நஷனல் வங்கி அணியும் தண்டுகளாலேயே அடிபட்டன. 11 வீரர்களுக்குத் தடை விழுந்தது. யார் யாருக்காக முதலில் ஓடியிருந்தாலும் தடை தடைதான்.

உதைபந்தாட்டச் சட்டமும் அப்படித்தான். முதல் அடியை மத்தியஸ்தர் பந்துக்கான போட்டியாகப் பார்க்கலாம், மஞ்சளோடு போகலாம். இரண்டாவது கை பந்துக்கு நீளவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அது முகத்தில் பட்டால் சிவப்பு. அதிலும் கொடுமை, அனுகூலம் கொடுத்து ஆட்டம் ஓடவிட்ட நேரத்தில் அடித்தால், உங்களுக்கு வரவேண்டிய உதை எதிரணிக்குப் போகும். காயப்பட்டவன் வெளியே, அவனுக்காகப் போனவனும் வெளியே. குறிவைத்தவன் தன் வேலையை இரட்டிப்பாக முடித்துக்கொண்டான்.

2021 ஜூன் 12ஆம் திகதி கோப்பன்ஹேகனில் கிறிஸ்டியன் எரிக்சன் நெஞ்சடைத்து விழுந்தபோது டென்மார்க் அணித்தலைவர் சிமோன் கியார் முதலில் ஓடியது விழுந்தவனிடம். பிறகு தோழர்கள் முதுகைக் காட்டி வட்டமாக நின்று, கமராக்களிலிருந்து அவரை மறைத்தார்கள். அங்கே எதிரி இல்லை என்பது உண்மைதான். எங்கள் மைதானங்களில் எதிரி இருக்கும்போது, விழுந்தவனுக்குப் பக்கத்தில் ஆளே இருப்பதில்லை. சண்டைக்கு இருபது பேர், ஐஸ் கட்டிக்கு ஒருவருமில்லை.

ஆகவே முதற் பொறுப்பு பெடியளுடையதல்ல, சுற்றுப்போட்டி நடத்துகிறவர்களுடையது. மூருக்கு பெப்ரவரியில் தண்டனை கிடைத்திருந்தால் மார்ச் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். மத்தியஸ்தரோடு அணித்தலைவர் மட்டுமே பேசலாம் என்ற வழிமுறையை உலக உதைபந்தாட்டச் சட்டசபை 2024 ஜூலையிலிருந்து போட்டிகளுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. உடுப்பிட்டியில் அதற்குச் செலவு ஏதுமில்லை. இரு கழகத்துக்கும் சம்பந்தமில்லாத ஊரிலிருந்து மத்தியஸ்தரையும் கோட்டு நடுவர்களையும் கூப்பிடுவதும், மேசையில் இருந்து ஒருவர் எந்த இலக்கக்காரன் எத்தனை தடவை அடிபட்டான் என்று எழுதி இடைவேளையில் மத்தியஸ்தரிடம் காட்டுவதும் கொஞ்சம் கரைச்சல் பிடித்த வேலை. பரிசுக்கேடயத்துக்கு ஆள் தேடும் நேரத்தில் பாதி போதும்.