பேதி கண்டால் தண்ணீரை நிறுத்தாதீர்கள்

மழை விட்டுச் சில நாட்கள் போகட்டும். திருவொற்றியூர், எர்ணாவூர், காசிமேடு பக்கமிருந்து கண் குழிந்த பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். "நேத்து காலையிலேர்ந்து வயித்தால போவுது டாக்டர்." இதுவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், தொக்கம் எடுத்தோம், மெடிக்கல்ல மாத்திரை வாங்கினோம், தண்ணி குடுக்கல என்பார்கள். அந்தக் கடைசிப் பதிலில்தான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

தண்ணீர் எப்படி வெளியேறுகிறது

குடல் சுவர்ச் செல்லுக்கு உணவைப் பார்த்த முகம் ஒன்று, ரத்தத்தைப் பார்த்த முகம் ஒன்று. எந்தப் புரதம் எந்த முகத்துக்குப் போக வேண்டும் என்று செல்லே பிரித்து அனுப்புகிறது. பெரும்பாலான ஹார்மோன்கள் ரத்தத்தில் வருவதால் அவற்றைப் பிடிக்கும் புரதங்களான ஏற்பிகளும் ரத்தப் பக்கமே இருக்கும். குவானிலின் விதிவிலக்கு. குடல் தனக்குள்ளேயே சுரந்துகொள்ளும் ஹார்மோன் அது. அதன் ஏற்பி உணவுப் பக்கம் நிற்கிறது. பேதி உண்டாக்கும் ஈ.கோலை கிருமிகளில் ஒரு வகை, குவானிலினைப் போன்ற நஞ்சைச் சுரந்து அதே ஏற்பியில் ஒட்டிக்கொள்கிறது. செல் உப்பைக் குடலுக்குள் கொட்ட, தண்ணீரும் கூடவே போகிறது. கிருமியே இல்லாமலும் இது நடக்கலாம்: இந்த ஏற்பி பிறவியிலேயே மிகையாக வேலை செய்து தலைமுறை தலைமுறையாகப் பேதியால் அவதிப்பட்ட ஒரு நார்வே குடும்பத்தைப் பற்றி 2012-ல் ஆய்வு வெளியானது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சந்தியா விஸ்வேஸ்வரய்யா பல்லாண்டுகள் ஆராய்ந்த ஏற்பி இது.

நல்ல வேளையாக, சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உள்ளே இழுக்கும் இன்னொரு புரதமும் அதே உணவுப் பக்கம் இருக்கிறது. நஞ்சு அதை முடக்குவதில்லை. ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது அந்த வழியாகத்தான். 1971-ல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைத்தான் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

கேட்டுக் கேட்டுச் சலித்தவை

"தண்ணி குடுத்தா இன்னும் போவும்." போகட்டும். நீங்கள் கொடுக்காவிட்டாலும் போகத்தான் போகிறது, உடம்பிலிருந்து எடுத்து.

"பல்லு முளைக்குது, அதான்." பல் முளைப்பதால் பேதி வராது. அந்த வயதில் பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது, அவ்வளவுதான்.

தொக்கம், குடல் தட்டுவது எல்லாம் நேர விரயம். காப்பித்தூளும் எலுமிச்சையும், சோடா, வெறும் குளுக்கோஸ் பவுடர் எதுவும் ஈடாகாது. சர்க்கரை அதிகமுள்ள பானம் குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுக்கும். கடையில் அட்டைப்பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்றே நம்பி வாங்கியவர்கள் ஏராளம். அந்தப் பெயரைப் போடக்கூடாதென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட 2025 அக்டோபர் ஆனது!

மாத்திரை விஷயம். பேதியை "கட்டும்" மாத்திரை குடலின் அசைவைத்தான் மந்தமாக்குகிறது. குழந்தைக்கு அது ஆபத்து. பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கைப் பாதி உடைத்துக் கொடுப்பவர்களிடம் என்ன பேசுவது? சிறுபிள்ளைகளின் பேதி பலவும் வைரஸால் வருவது. அதை ஆன்டிபயாடிக் தொடக்கூட முடியாது.

பரிசோதனை

பெரும்பாலும் வேண்டாம். ரத்தம் கலந்து போனால், காலரா என்று சந்தேகம் வந்தால் மலப் பரிசோதனை.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள்

ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்காதீர்கள். சிறிய பாக்கெட்டும் உண்டு, அதில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மருந்தை, பேதி நின்றாலும், சொன்ன நாள்வரை கொடுங்கள். ஓ.ஆர்.எஸ்.ஸும் அதுவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

சாக்கடை ஓரத்து அடிபம்புத் தண்ணீரானாலும் லாரித் தண்ணீரானாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். பிள்ளை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், குடித்ததெல்லாம் வாந்தியாகிவிட்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராயபுரத்துக்காரர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. எண்ணூரிலிருந்து வருபவர்கள் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை ஸ்பூனைக் கீழே வைக்காதீர்கள்.