வேகவைத்தாலும் போகாத விஷம்

பூஞ்சை பிடித்த தானியத்தைக் கழுவிக் காயவைத்து நல்லா வேகவைச்சா ஒண்ணும் ஆகாதுன்னு பலர் நம்புகிறார்கள். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லையோரப் பழங்குடிக் கிராமங்களில் நடந்தது வேறு.

அறுவடை சமயத்தில் பருவம் தவறிய மழை. காயாத மக்காச்சோளம் அப்படியே வீட்டுக்குள் சேமிக்கப்பட்டது. அவர்களுக்கு அதுதான் அன்றாட உணவு. கொஞ்ச நாளில் மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர்கோர்ப்பு. 397 பேர் பாதிக்கப்பட்டு 106 பேர் இறந்தார்கள். அதே சாப்பாட்டைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. கிருமித் தொற்றைவிட உணவைச் சந்தேகிக்க இது ஒரு நல்ல துப்பு.

குற்றவாளி ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை. தானியத்தில் ஈரம் 13 சதவீதத்துக்குள் இருந்தால் அதனால் வளர முடியாது. ஒரு மூலையில் ஈரம் கிடைத்துவிட்டால் போதும். பூஞ்சையும் சுவாசிக்கும், அதில் வெப்பமும் நீரும் வெளிவரும். அந்த நீர் பக்கத்து மணிகளை நனைக்க, பூஞ்சை அங்கேயும் பரவும். எங்கள் தொழிலில் இதை ஃபீட்பேக் லூப் என்போம், நிறுத்த ஆள் இல்லாத லூப்.

அது சுரக்கும் அஃப்ளாடாக்ஸின் கல்லீரலைத் தாக்கும். கொதிக்கிற தண்ணீரில் பூஞ்சை சாகும், விஷம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இன்று இந்தியாவில் தானியத்துக்கு அனுமதி கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அன்றைய மாதிரிகளில் 6 மில்லிகிராமுக்கு மேல். அதாவது 400 மடங்கு!

ஈரமானி இல்லாதவர்களுக்கு ஒரு எளிய சோதனை: காய்ந்த கண்ணாடி பாட்டிலில் தானியத்தோடு உலர்ந்த தூள் உப்பு போட்டுக் குலுக்கி, சற்று நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். மூட்டை கட்டாதீர்கள், இன்னும் காயணும்.